மடிநோய்க்கு ட்யூப் கேட்கவில்லை: மருந்தை மாற்றுவதா, வேறு என்ன செய்வது?

குப்பனூர் கறவை எழுதியது:

வணக்கம்ங்க. அயோத்தியாப்பட்டணம் தாண்டி, ஏற்காட்டு அடிவாரம் குப்பனூர் பக்கம். கறவையில் 7 மாடு, எல்லாம் ஜெர்சி, ஹெச்.எஃப். கலப்பு. ஐப்பசி மழை பிடித்ததில் இருந்து மூன்று மாட்டுக்கு மடிநோய். முன்பெல்லாம் காம்புத்துளை வழியாக ஆம்பிசிலின்–குளோக்சசிலின் மருந்து ட்யூப் மூன்று நாள் ஏற்றினால் பால் திரிதிரியாக வருவது நின்றுவிடும். இந்த முறை நிற்கவில்லை. மருந்துக் கடையில் "அது பழைய மருந்து, கிருமிக்குப் பழகிப்போச்சு" என்று செஃப்ட்ரையாக்சோன் 3 கிராம் ஊசி கொடுத்தார்கள். ஒரு மாட்டுக்குக் கேட்டது, இரண்டுக்குக் கேட்கவில்லை.

கிருமிக்கு மருந்து "பழகுவது" என்றால் என்னங்க? மாட்டு உடம்பு பழகிவிடுகிறதா, கிருமியா? அடுத்து இதைவிட வீரியமான ஊசிக்குப் போகலாமா? ஊசி போட்ட மாட்டுப் பாலைக் கன்றுக்கு விடலாமா?

---

கட்டுத்தரை டாக்டர் எழுதியது:

அடுத்த ஊசி எது என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. மருந்து கேட்கவில்லை என்றாலே கிருமி எதிர்ப்பு பெற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மடிநோயில் ட்யூப் தோற்பதற்குக் குறைந்தது நான்கு காரணம் உண்டு. அதில் எதிர்ப்புத்திறன் ஒன்றுதான்.

மழைக்காலத்தில் கட்டுத்தரை சேறாகி, சாணியும் கோமியமும் தேங்கினால் ஈ. கோலை என்ற சாணிக் கிருமி வரும். இந்தக் கிருமிக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு. குளோக்சசிலின் அதைத் தாண்டிப் போகாது. இது பிறவிக்குணம், யாரும் பழக்கிவிடவில்லை. அதோடு ஈ. கோலை மடிநோய் பல நேரம் மாட்டின் எதிர்ப்புச் சக்தியாலேயே சில நாளில் அடங்கிவிடும். உங்களுக்கு "கேட்ட" அந்த ஒரு மாடு ஊசி போடாமலேயே தேறியிருக்கக்கூடும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வேறு மாதிரி. அது மடித்தசைக்குள் சின்னச் சின்ன சீழ்க்கட்டி கட்டிக்கொண்டு, வெள்ளணுவுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆய்வகத் தட்டில் மருந்துக்குச் செத்துப்போகிற கிருமி, மடிக்குள் மருந்து எட்டாததால் பிழைத்துக் கிடக்கும். பால் தெளியும், மூன்று வாரம் கழித்து அதே காம்பில் திரும்ப வரும். எந்த ஊசிக்கு மாறினாலும் கதை இதேதான்.

மூன்றாவதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை: பூஞ்சை. காம்பு நுனியைச் சரியாகத் துடைக்காமல் ட்யூப் மேல் ட்யூப் ஏற்றினால் ஈஸ்ட்டை நாமே உள்ளே தள்ளிவிடுகிறோம். பாக்டீரியா செத்த இடத்தில் அது செழிக்கும். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, இன்னும் ஏற்றினால் மோசமாகும். ஒரே ட்யூப்பை இரண்டு காம்புக்குப் பிரித்து ஏற்றுவது, ட்யூப்பின் மூக்கை முழுசாகக் காம்புக்குள் விடுவது, இரண்டுமே இதற்கு வழி. மூக்கு 3–4 மில்லிமீட்டர் உள்ளே போனால் போதும்.

நாலாவதுதான் நீங்கள் கேட்ட உண்மையான எதிர்ப்பு. இந்த நான்கில் எது என்று பாலைப் பார்த்துச் சொல்ல முடியாது, கல்ச்சர் செய்தால்தான், அதாவது பாலில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பால் தண்ணீராக வருகிறது, காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல், காது சில்லிட்டிருக்கிறது, மாடு எழவில்லை என்றால் கல்ச்சருக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரைக் கூப்பிடுங்க, இல்லாவிட்டால் கால்நடை அவசர உதவி எண் 1962. அந்த நிலையில் உயிரைக் காப்பாற்றுவது முதலில் சலைன், வீக்கம் தணிக்கும் மருந்து, அடிக்கடி மடியைக் கறந்து காலி செய்வது. ஆன்டிபயாடிக் அதற்குப் பிறகுதான்.

---

தட்டும் ஊசியும் எழுதியது:

டாக்டர் சொன்ன நாலாவது காரணத்தை மட்டும் விரிக்கிறேன். ஆய்வக வேலை.

பழகுவது மாடு அல்ல. ஒரு தனிக் கிருமி "பழகிக்கொள்வது" என்றுகூட அதைச் சொல்ல முடியாது. கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் சில கிருமிகள் மருந்துக்குத் தப்புகின்றன, மற்றவை சாகின்றன, தப்பியவை பெருகுகின்றன. மருந்து மாற்றத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் மாற்றத்தைப் பொறுக்கி எடுக்கிறது. லூரியா, டெல்புரூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1943இல் வைரஸைக் கொண்டு பாக்டீரியாவைத் தாக்கிப் பார்த்து, தப்பிக்கும் மாற்றம் தாக்குதலுக்கு முன்பே தற்செயலாக வந்துவிடுகிறது என்று காட்டினார்கள். 1952இல் லெடர்பெர்க் தம்பதி வெல்வெட் துணியால் தட்டுக்குத் தட்டு அச்சு எடுத்து, மருந்தையே பார்க்காத கிருமிக்கூட்டத்திலும் தப்பிப் பிழைப்பவை இருக்கின்றன என்பதை உறுதி செய்தார்கள்.

கணக்குப் போட்டால் புரியும். நோய் முற்றிய ஒரு காம்பில் மி.லி.க்கு 1 கோடி ஈ. கோலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாலில் 1,000 கோடி. குறிப்பிட்ட மருந்துக்குத் தப்பிக்கும் மாற்றம் 10 கோடியில் ஒன்றுக்கு வந்தால், முதல் ஊசி போடும் முன்பே அந்த மடியில் 100 கிருமி தயாராக இருக்கிறது. நல்ல சூழலில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒன்று 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும்.

தப்பிக்கும் வழிகளும் பல. மருந்தை வெட்டிப்போடும் நொதி: ஸ்டஃபைலோகாக்கஸின் பெனிசிலினேஸ் இப்படித்தான். பெனிசிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வரும் முன்பே, 1940இல், ஈ. கோலையில் இந்த வகை நொதியை ஆபிரகாமும் செய்னும் விவரித்துவிட்டார்கள். மருந்து போய் ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்வது இன்னொரு வழி: மெக்-ஏ என்ற மரபணு உள்ள ஸ்டஃபைலோகாக்கஸுக்குக் குளோக்சசிலின் உறைக்காது. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுவது, உள்ளே வரும் துளையைக் குறைத்துக்கொள்வது ஆகியவையும் உண்டு.

எனக்குக் கவலை தருவது இவற்றைவிடப் பிளாஸ்மிட். கிருமியின் முதன்மை மரபணுத் தொகுதிக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம் அது. ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு, அது வேறு இனமாக இருந்தாலும், அதைக் கைமாற்றும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒன்றாக இருப்பது சாதாரணம். அதனால் டெட்ராசைக்ளின் போட்டாலே, அதோடு சேர்ந்து செஃப்ட்ரையாக்சோன் எதிர்ப்பும் வளரலாம். கைமாற்றத்துக்குத் தோதான இடம் குடல். மடிக்குப் போட்ட ஊசி ரத்தம் வழியாகக் குடலுக்கும் போகிறது. அங்கே நோயே தராமல் இருந்த கோடிக்கணக்கான கிருமிகளிலும் இதே பொறுக்கல் நடக்கிறது. சாணியில் வெளியே வருகிறது, எருவாக வயலுக்குப் போகிறது, கறப்பவர் கையிலும் ஒட்டுகிறது.

"வீரியமான ஊசி" என்று தனியாக ஒன்று கிடையாது. செஃப்ட்ரையாக்சோன், என்ரோஃப்ளாக்சசின் இரண்டுமே மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட வகைகளைச் சேர்ந்தவை. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2019இல் தடை விதித்துவிட்டது. இவை கடைசிப் படி, இரண்டாம் படி அல்ல.

மாதிரி எடுக்கும் முறைதான் பாதி வேலை:

மருந்து ஆரம்பிக்கும் முன் எடுக்க வேண்டும். மடியைக் கழுவினால் முழுசாகத் துடைத்துக் காயவிடுங்கள், ஈரம் சொட்டினால் சாணிக் கிருமிதான் வளரும். முதல் 3–4 பீச்சை வேறு பாத்திரத்தில் விடுங்கள். 70% ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் தேயுங்கள், பஞ்சு அழுக்கில்லாமல் வரும்வரை. துடைக்கும்போது தூரத்துக் காம்பில் இருந்து ஆரம்பித்துக் கிட்டத்துக்கு வரணும். பால் எடுக்கும்போது கிட்டத்துக் காம்பு முதலில், தூரம் பிறகு. அப்போதுதான் துடைத்த காம்பில் கை உரசாது. நுண்ணுயிர் நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5–10 மி.லி. போதும். மூடி உள்பக்கத்தைத் தொடக் கூடாது. மாட்டு எண், எந்தக் காம்பு, தேதி எழுதி, ஐஸ் பெட்டியில் அன்றே ஆய்வகம் போகணும். சேலம் மாவட்டத்தில் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்த நாள் மாதிரி வாங்குகிறார்கள் என்று உங்கள் கால்நடை மருந்தக டாக்டர் மூலம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

---

குப்பனூர் கறவை எழுதியது:

ரொம்ப நன்றிங்க. ஆனால் கேட்காத அந்த இரண்டு மாட்டுக்கு ஏற்கெனவே ஊசி போட்டாச்சே, இனி மாதிரி எடுத்துப் பிரயோஜனம் உண்டா? ஊசியும் முழு அளவு போடவில்லை. ஒரு பாட்டிலை இரண்டு மாட்டுக்குப் பாதிப் பாதி போட்டோம்.

---

கட்டுத்தரை டாக்டர் எழுதியது:

அந்தப் பாதிப் பாதி வேண்டாம்ங்க. பாதி அளவில் சாதாரணக் கிருமி சாகும், லேசான எதிர்ப்பு உள்ளது பிழைக்கும். முழு அளவு போட்டிருந்தால் அந்த லேசான எதிர்ப்பும் சேர்ந்து செத்திருக்கும். பிழைத்ததில் அடுத்த மாற்றம் வந்தால், பிறகு முழு அளவுக்கும் சாகாது. என்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளில் எதிர்ப்பு பெரும்பாலும் இப்படிப் படிப்படியாகத்தான் ஏறுகிறது.

மாட்டு எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வோம். தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையில் இருந்து பின்புற எலும்பு முனை வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவு × சுற்றளவு × நீளம், அதை 660ஆல் வகுத்தால் கிலோ. உதாரணம்: சுற்றளவு 70, நீளம் 56 என்றால் 4,900 × 56 = 2,74,400; வகுத்தால் 415 கிலோ. அதையே 300 என்று நினைத்து ஊசி போட்டால் கால்பங்குக்கு மேல் குறைகிறது. அளவும் எத்தனை நாள் என்பதும் மருத்துவர் சீட்டில் இருக்கணும், எடையை நீங்கள் சொல்லணும்.

மாதிரி விஷயம்: மருந்து உடம்பில் இருக்கும்போது எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். மாடு சாப்பிடுகிறது, காய்ச்சல் இல்லை என்றால் மருந்தை நிறுத்தி ஒன்று, இரண்டு வாரம் விட்டு எடுப்பது நல்லது. அதற்குள் 7 மாட்டையும் சோப்புச் சோதனை செய்துவிடுங்க. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூள், அதுதான் 3% கரைசல். நாலு கிண்ணத்தில் நாலு காம்புப் பால், அதே அளவு கரைசல், மெதுவாகச் சுழற்றுங்க. தண்ணியாகவே இருந்தால் சரி. கொழகொழவென்று கட்டினால் அந்தக் காம்பில் வெள்ளணு ஏறியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மடிநோய் இதில் தெரியும். கன்று போட்ட முதல் வாரத்திலும், வற்றப்போகும் கடைசி நாட்களிலும் சும்மாவே கொழகொழக்கும், அதை நம்பாதீங்க.

---

பால்மானி எழுதியது:

கன்றுக்கு விடலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

விடக் கூடாது. மருந்து கலந்த பாலைக் குடிக்கும் கன்றின் குடலில் நாள்தோறும் பாதி அளவு சிகிச்சை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வளரும் கன்றுகளின் சாணியில் எதிர்ப்புள்ள ஈ. கோலை கூடுதலாக இருப்பது பல நாடுகளில் பார்க்கப்பட்டது. சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். எருக்குழியில் ஊற்றி மூடுங்கள், கிணற்றுக்கு எட்டத்தில்.

பால் சொசைட்டிக்கு எப்போது ஊற்றலாம்? லேபிளில் பால் விலக்கு காலம், அதாவது பாலை ஒதுக்க வேண்டிய நாள் கணக்கு போட்டிருக்கும். கடைசி மருந்தில் இருந்து எண்ணணும், முதல் மருந்தில் இருந்து அல்ல. லேபிளில் போடவில்லை என்றால், 2012இல் வந்த மருந்து விதித் திருத்தப்படி பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். ஒரு காம்புக்குத்தான் ட்யூப் என்றாலும் நாலு காம்புப் பாலையும் ஒதுக்கணும், மருந்து ரத்தம் வழியாக மற்ற காம்புக்கும் வரும். ட்யூப்பும் ஊசியும் சேர்த்துப் போட்டால், லேபிளில் சொன்னதைவிட அதிகம் போட்டால், அந்த நாள் கணக்கு செல்லாது. இன்னும் நீட்டித்தாக வேண்டும், எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

"காய்ச்சினால் போயிடும்" என்பது நடக்காது. வீட்டில் காய்ச்சும் சூட்டுக்குப் பெனிசிலின் வகை பெரும்பகுதி அப்படியே நிற்கும். உறை ஊற்றிய பால் தயிராகாமல் தண்ணியாகவே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம், தயிர்க் கிருமியும் பாக்டீரியாதானே. அதற்காகத் தயிர் உறைந்துவிட்டால் பால் சுத்தம் என்று கணக்குப் போடக் கூடாது. பாலில் பென்சைல்பெனிசிலினுக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத்தர அமைப்பு வைத்த வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அதைப் பார்க்கத் தனிச் சோதனை வேண்டும்.

---

மூலிகைக்கொடி எழுதியது:

இவ்வளவு சிக்கல் எதற்கு? சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசினால் முடிந்தது. தேசிய பால்வள வாரியமே சொல்கிறது. ஆன்டிபயாடிக்கே தேவை இல்லை.

---

கட்டுத்தரை டாக்டர் எழுதியது:

அளவு சரிதான், வாரியம் பரப்பும் முறையும் அதுதான். முழுசாகச் சொல்லிவிடுகிறேன்: அரைத்த விழுதில் ஒரு கை எடுத்து 150–200 மி.லி. தண்ணீரில் கரைத்து, மடியைக் கறந்து கழுவிய பிறகு முழு மடிக்கும் பூசணும். நாளுக்குப் பத்து தடவை, 5 நாள். கூடவே தினம் இரண்டு எலுமிச்சை தின்னக் கொடுப்பது. நாளைக்கு ஒருமுறை பூசிவிட்டுக் கேட்கவில்லை என்பவர்கள்தான் அதிகம். பால் கறக்கும் முன் பூச்சைக் கழுவி, காம்பைத் துடைத்துவிடணும்.

லேசான வீக்கம், காய்ச்சல் இல்லை, பால் மட்டும் திரிகிறது என்ற நிலையில் கல்ச்சர் முடிவு வரும்வரை இதைச் செய்வதில் எனக்கு மறுப்பு இல்லை. தேவையில்லாத ட்யூப் ஒன்று மிச்சம். "தேவையே இல்லை" என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காய்ச்சலோடு படுத்த மாட்டுக்குக் கற்றாழை பூசிக்கொண்டிருந்தால் மறுநாள் மாடு இருக்காது. ஆரியஸ் சீழ்க்கட்டிக்குள் மேற்பூச்சு எட்டும் என்பதும் நம்பிக்கைதான்.

---

குப்பனூர் கறவை எழுதியது:

ரிசல்ட் வந்தாச்சுங்க. சோப்புச் சோதனையில் ஊசிக்குக் கேட்காத இரண்டு மாட்டோடு புதுசாக ஒரு கிடேரிக்கும் பின் வலது காம்பு கொழகொழத்தது. மூன்றுக்கும் கல்ச்சர் கொடுத்தோம்.

மாடு 1 (நாலாவது ஈத்து, பின் இடது காம்பு, கல்லு கல்லாகத் தட்டுப்படுகிறது): ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பெனிசிலின் ஆர் (எதிர்ப்பு), செஃபாக்சிட்டின் எஸ் (கேட்கும்), 26 மி.மீ. டெட்ராசைக்ளின் எஸ், 30 மி.மீ.
மாடு 2: வளர்ச்சி இல்லை. இப்போது பாலும் தெளிந்துவிட்டது.
கிடேரி: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. பெனிசிலின் எஸ்.

மாடு 1க்கு டெட்ராசைக்ளின்தான் பெரிய நம்பர், அதைப் போடலாமா?

---

தட்டும் ஊசியும் எழுதியது:

மி.மீ. என்பது மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டம். ஒரு மருந்தின் மி.மீ.யை இன்னொரு மருந்தோடு ஒப்பிடவே கூடாது, ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு. செஃபாக்சிட்டினுக்கு ஆரியஸில் 22 மி.மீ.யும் மேலும் என்றால் எஸ். அது மெக்-ஏவைக் கண்டுபிடிக்க வைக்கும் வில்லை. உங்களுடையது 26, ஆக மெக்-ஏ இல்லை, குளோக்சசிலினுக்கு அந்தக் கிருமி தட்டில் சாகும். பெனிசிலின் நொதியால் வெட்டுப்படுகிறது.

அதாவது கடையில் "பழகிப்போச்சு" என்று ஒதுக்கிய ட்யூப்பில் இருந்த குளோக்சசிலினுக்கு இந்தக் கிருமி எதிர்ப்பே பெறவில்லை.

மாடு 2இல் வளர்ச்சி இல்லை என்பதை நிச்சயம் என்று எடுக்காதீர்கள். ஆரியஸ் விட்டு விட்டுத்தான் பாலில் வரும். பத்து நாள் விட்டு ஒருமுறை மறுபடி கொடுங்கள்.

---

கட்டுத்தரை டாக்டர் எழுதியது:

கிடேரிதான் இதில் நல்ல சேதி. அகலாக்டியே மடியில்தான் வாழும், பெனிசிலின் ட்யூப்புக்குப் பெரும்பாலும் முழுசாகவே போய்விடும். கறவையில் இருக்கும்போதே வைத்தியம் செய்யலாம். மருத்துவரிடம் ரிசல்ட்டைக் காட்டி அதற்கு மட்டும் ட்யூப் வாங்குங்க. செஃப்ட்ரையாக்சோன் எதற்கு?

மாடு 1: நாலாவது ஈத்து, கட்டி தட்டுப்படுகிறது, ஆரியஸ். எஸ் என்று வந்தாலும் கறவையில் வைத்துக்கொண்டு மருந்து ஊற்றுவது காசுக்கும் கேடு, எதிர்ப்பையும் வளர்க்கும். வற்றும்போது, அதாவது ஈனுவதற்கு 60 நாள் முன்பு, வற்றுக்கால ட்யூப் ஏற்றிப் பார்க்கலாம். அடுத்த ஈத்திலும் அதே காம்பில் வந்தால் அந்தக் காம்பை நிரந்தரமாக வற்றவிடணும், இல்லாவிட்டால் மாட்டைக் கழிக்கணும். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாடுதான் இப்போது உங்கள் கட்டுத்தரையில் நோய்க்கு விதைநெல்.

மருந்தைவிட இவை அவசரம்:

கறக்கும் வரிசையை மாற்றுங்க. முதலில் நோயில்லாத கிடேரிகள், பிறகு நல்ல மாடுகள், பிறகு மாடு 2ம் நோய் வந்த கிடேரியும், கடைசியில் மாடு 1. ஆரியஸும் அகலாக்டியேயும் கறப்பவர் கையிலும் மடி துடைக்கும் துணியிலும்தான் மாட்டுக்கு மாடு போகும். ஒரே பக்கெட் பர்மாங்கனேட் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து ஏழு மாட்டையும் துடைப்பது சுத்தம் அல்ல. சாணி கலந்ததும் பர்மாங்கனேட் செத்துவிடும், பக்கெட் கிருமித் தொட்டியாகிவிடும். மாட்டுக்கு ஒரு துணி வைத்து, தினம் வெந்நீரில் கொதிக்கவிட்டுக் காயப்போடுங்க.

கறந்ததும் காம்பை அயோடினில் முக்குங்க. 10% போவிடோன் அயோடின் 50 மி.லி., சுத்தமான தண்ணீர் 40, கிளிசரின் 10, இது 100 மி.லி. கரைசல். காம்பின் முக்கால் பாகம் நனையணும். தெளிப்பது வேண்டாம், ஒரு பக்கம்தான் படும். மிஞ்சியதைப் பாட்டிலில் திரும்ப ஊற்றக் கூடாது. காம்புத்துளை மூட அரைமணி நேரமாவது ஆகும், அதுவரை மாடு படுக்கக் கூடாது. அதனால் தீவனத்தைக் கறந்த பிறகு வையுங்க, நின்று தின்னும்.

கட்டுத்தரையில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுங்க. அடிவாரத்தில் மழை விட்டாலும் மேட்டில் இருந்து ஊற்று வந்துகொண்டே இருக்கும், மேட்டுப் பக்கம் வரப்புப் போட்டுத் திருப்பிவிடணும். சாணியைப் பச்சையாக வயலுக்கு எடுக்காமல், குவித்து உள்ளே சூடேறி மக்கவிட்டு, இரண்டு மூன்று தடவை புரட்டி எடுங்க. சூட்டில் பெரும்பாலான கிருமி சாகும்.

ஒரு நோட்டுப் போடுங்க: தேதி, மாட்டு எண், எந்தக் காம்பு, என்ன மருந்து, எத்தனை மி.லி., பால் விலக்கு எந்தத் தேதி வரை. மருந்து போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டிவிடுங்க. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் கறக்கும் வீட்டில் நோட்டைவிடத் துணிதான் கண்ணில் படும்.

---

குப்பனூர் கறவை எழுதியது:

வாய்க்கால் இன்றைக்கே வெட்ட ஆள் சொல்லியாச்சுங்க. மாடு 1 தை மாதம் வற்றும், அதுவரை கடைசியாகத்தான் கறப்போம். மாடு 2க்கு மறு கல்ச்சர் பத்து நாள் கழித்துக் கொடுத்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.